ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கலாமா? குமரி மாணவர்கள் சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

"சோறு பொங்கவா மக்களே காலேஜ் போற?" ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கப் போறேன்னு சொன்னா, நாகர்கோவில் பக்கம் பல வீடுகளில் முதலில் வரும் கேள்வி இதுதான். ஆனால், இந்தப் படிப்பில் சமையல் நாலில் ஒரு பங்குதான்.

என்னென்ன படிக்கணும்?

வரவேற்பும் அறை ஒதுக்கீடும் பார்க்கும் ஃப்ரண்ட் ஆபீஸ், சமையலறை, உணவு பரிமாறும் சர்வீஸ், அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆகிய நான்கு துறைகளும் கட்டாயம். கூடவே கணக்கு, உணவுப் பாதுகாப்பு, சத்துணவியல் பாடங்களும் உண்டு. இடையில் சில மாதங்கள் ஹோட்டலிலேயே பயிற்சி. "இந்த வேலை நமக்கு ஒத்து வருமா?" என்பது பலருக்கு அங்கேதான் தெரியும்.

எங்கே படிக்கலாம்?

மத்திய அரசு சார்ந்த நிறுவனங்களில் 3 ஆண்டு பி.எஸ்சி. படிக்க, என்.சி.எச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் 2-வில் எந்த குரூப் எடுத்திருந்தாலும், ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் போதும். சென்னை தரமணியிலும், குமரிக்கு ரொம்பப் பக்கத்தில் கோவளத்திலும் இந்த நிறுவனங்கள் இருக்கின்றன. திருச்சி துவாக்குடியில் மாநில அரசு நிறுவனம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தரமணியில் படிக்க தாட்கோ உதவுகிறது. தனியார் கல்லூரியில் பணம் கட்டும் முன், தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

"100% வேலை உறுதி" என்று சொல்லும் கல்லூரிகளிடம் கேட்க வேண்டியது ரெண்டே கேள்விதான். படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் சான்றிதழ் தருது? போன வருஷம் முடிச்சவங்க இப்போ எங்கே வேலை பார்க்கிறாங்க?

வேலை எப்படி இருக்கும்?

பட்டம் வாங்கியதும் மேனேஜர் நாற்காலி கிடைக்காது. சமையலறையில் கடைநிலையான காமி-3, சர்வீஸில் ஸ்டூவர்டு என அடியிலிருந்துதான் ஏற வேண்டும். தொடக்கச் சம்பளம் குறைவு. ஆனால், பெரும்பாலும் சாப்பாடு கிடைக்கும். தங்க இடம் தரும் ஹோட்டல்களும் உண்டு.

ஊரே விடுமுறையில் இருக்கும்போதுதான் இங்கே வேலை அதிகம். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருபவர்கள் விடியும் முன்பே எழுந்துவிடுவார்கள். அப்போது காபியும் வெந்நீரும் தயாராக இருக்க வேண்டும் என்றால், ஊழியர்கள் அதற்கும் முன்னால் எழ வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலமும் இப்போது கூட்டத்தை இழுக்கிறது. பொங்கல், தீபாவளிக்கு லீவு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

காலையில் சில மணி நேரம், மதியம் இடைவெளி, மறுபடி இரவு வரை வேலை என்ற 'பிரேக் ஷிப்ட்' பல இடங்களில் வழக்கம். நாள் முழுக்க நிற்பதால் கால் வலி சகஜம்.

சட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் 1958-ன்படி, ஒரு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். வார விடுமுறையும் உரிமை. இதை நேர்காணலிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

சர்வீஸ் சார்ஜில் பங்கு வரும் என்று நம்பிச் சேரவும் வேண்டாம். அதை வாடிக்கையாளரிடம் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்ற உத்தரவை, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

வளைகுடா வேலை: உஷார்!

குமரியில் பலருக்கும் கண் வெளிநாட்டின் மேல்தான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, அதற்கான ஜி.எஸ்.டி. தனி. "இப்போதைக்கு விசிட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்" என்று சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது.

குமரிக்காரர்களுக்கு என்ன பலம்?

எல்லையோர மாவட்டம் என்பதால் பலருக்கு மலையாளம் இயல்பாகவே வரும். இந்தியும் ஆங்கிலமும் பேசக் கற்றுக்கொண்டால் ஃப்ரண்ட் ஆபீஸில் மதிப்பு கூடும். உளுந்தஞ்சோறு, தீயல், அவியல், தேங்காய் அரைத்த மீன்குழம்பு என வீட்டில் பழகிய கைப்பக்குவம் சமையலறையில் தனி அடையாளம் தரும்.

கூட்டத்தையும் கோபத்தையும் பொறுமையாகச் சமாளிக்கிறவர்களுக்கு இது ஏற்ற துறை. உறுதியாகத் தெரியவில்லையா? பணம் கட்டும் முன், லீவில் ஒரு மாதம் உள்ளூர் ஹோட்டலில் வேலை பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.