நிலவைத் தட்டிப் பார்க்கும் அலை

மாணவர்களே, கோலா கெத்தில் பக்கம் வீட்டுக்குப் பின்னால் பலா மரம் இருந்தால், பாட்டி பழத்தை வெட்டுமுன் விரலால் தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். 'டங் டங்' என்றால் காய்; 'தொப் தொப்' என்றால் பழம். நிலவையும் விஞ்ஞானிகள் இப்படித்தான் தட்டுகிறார்கள், ரேடியோ அலையால்.

1946 ஜனவரி 10இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் நியூ ஜெர்சியிலிருந்து அனுப்பிய அலை நிலவில் மோதி, சுமார் இரண்டரை விநாடியில் எதிரொலியாகத் திரும்பியது. ஒளியின் வேகம் உங்களுக்குத் தெரியும்; தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2008 அக்டோபரில் சந்திரயான்-1 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. அதிலிருந்த நாசாவின் ரேடார், ஏறக்குறைய 12.6 செ.மீ. நீள அலைகளை அனுப்பியது. வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையும் கிட்டத்தட்ட அதே நீளம்தான்! துருவப் பள்ளங்கள் சிலவற்றின் அடியில் வெயிலே படுவதில்லை. அங்கே கேமராவுக்கு வேலை குறைவு. ரேடாருக்கு இருட்டு ஒரு பொருட்டல்ல.

அலையை ஒரு பக்கமாகச் சுழலவிட்டு அனுப்புவார்கள். சமதரையில் ஒருமுறை மோதினால் சுழற்சி எதிர்ப்பக்கம் மாறும். பனிக்கட்டிக்குள் நுழைந்து பலமுறை மோதினால், அனுப்பிய பக்கமே சுழலும் அலையும் நிறைய வரும். அப்படிப்பட்ட எதிரொலி வட துருவத்தில் 40க்கும் மேற்பட்ட சிறு பள்ளங்களிலிருந்து வந்தது. குறைந்தது 60 கோடி டன் பனி இருக்கலாம் என்று 2010இல் அறிவித்தார்கள்.

சிக்கல் இங்கேதான். கற்குவியலுக்குள் மாட்டிய அலையும் பலமுறை மோதி அப்படியே திரும்பும். பனியா, பாறையா? பாட்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

2019 ஜூலை 22இல் கிளம்பிய சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் சென்னையைச் சேர்ந்த முத்தையா வனிதா. தரையிறங்கு கலன் மோதி அழிந்த செய்திதான் பலருக்கு நினைவிருக்கும். சுற்றுகலன் நன்றாகவே இருந்தது. அதிலுள்ள ரேடார் 12 செ.மீ., 24 செ.மீ. என இரு நீள அலைகளை அனுப்பும். அலை தன் நீளத்தோடு ஒப்பிடத்தக்க பொருளில்தான் அதிகம் சிதறும். முஷ்டி அளவுக் கற்கள் சின்ன அலையை நன்றாகக் கலைக்கும். நீண்ட அலையை அவ்வளவாகக் கலைக்காது. நீண்ட அலை உலர்ந்த மண்ணுக்குள் சில மீட்டர் ஆழம்வரை போகவும் செய்யும். ஆகவே ஒரே பள்ளத்தின் இரண்டு எதிரொலிகளையும் ஒப்பிட்டால், சிறு கற்கள் செய்யும் ஏமாற்றைக் கண்டுபிடிக்க முடிகிறது. பெரும்பாறைகள் இருந்தால் சந்தேகம் மிஞ்சும்.

அதற்குத்தான் இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து, தென் துருவத்தில் துளையிட்டு மண்ணை எடுத்துச் சோதிக்கும் ஊர்தி ஒன்றை அனுப்பத் திட்டமிட்டுள்ளன.