வெயில் தின்னும் சாயம்

வெளிச்சுவரில் அடித்த வெள்ளைப் பெயின்ட் சில ஆண்டுகள் வெயிலில் காய்ந்தபின், கையால் தடவினால் தூள் ஒட்டிக்கொள்ளும். இதில் பெரும்பங்கு பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடின் வேலை. வெயில் பட்டதும், தன்னைச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் பிசினையே அது அரித்துவிடுகிறது. இந்தக் குணத்தை அடக்கத்தான் பெயின்ட் கம்பெனிகள் அதன் துகள்களுக்குச் சிலிக்கா, அலுமினா பூச்சு கொடுக்கின்றன. கழிவுநீரைச் சுத்தம் செய்ய முனைகிறவர்களுக்கு வேண்டியதோ அதே கெட்ட குணம்தான்.

1972இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் இந்தப் பொருளில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிளந்து காட்டினார்கள். 1977இல் அமெரிக்காவில் ஃபிராங்க், பார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இதன் தூளையும் வெளிச்சத்தையும் கொண்டு நீரில் கலந்த சயனைடைச் சிதைத்தார்கள்.

ஒளி பட்டதும் துகளுக்குள் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழுகிறது. அது இருந்த இடம் வெற்றுத் துளையாகிறது. பெரும்பாலும் இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் வெகு முன்பே மறுபடி சேர்ந்து வெப்பமாக வீணாகிவிடும். தப்பித்துத் துகளின் மேற்பரப்பை எட்டுபவைதான் காரியம் செய்கின்றன. துளை, நீரிலிருந்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான மூலக்கூற்றுத் துண்டை உருவாக்குகிறது. குளோரினையும் ஓசோனையும் விடக் கடுமையாக ஆக்சிஜனேற்றம் செய்யக்கூடியது அது. சாயமோ பூச்சிமருந்தோ, எதிர்ப்பட்ட கரிமச் சேர்மத்தைத் துண்டாக்கி, கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடும்.

துகள் ஏன் நானோ அளவில் இருக்க வேண்டும்? சிறிதாக இருந்தால் மேற்பரப்பு பக்கத்திலேயே இருக்கும். பரப்பளவும் பெருகும். ஆய்வகங்களில் அளவுகோல் போலப் புழங்கும் 'பி25' என்ற தூளில் துகளின் விட்டம் சுமார் 21 நானோமீட்டர். ஒரே கிராமை எடுத்து விரித்தால் ஒரு சின்ன வீட்டின் தரையளவு, சுமார் 50 சதுர மீட்டர் தேறும்.

வடிகட்டிகளும் ஆர்.ஓ. சவ்வும் அழுக்கை நீரிலிருந்து பிரித்து வேறோர் இடத்தில் சேர்க்கின்றன. திருப்பூருக்கு இது நன்றாகத் தெரியும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபின், ஒரு சொட்டுக் கழிவும் நொய்யல் ஆற்றுக்குப் போகக்கூடாது என்பது கண்டிப்பானது. நீர் மீண்டது, உப்பும் கசடும் குவிந்தன. இப்படி ஒளி பட்டு வினைபுரியவைக்கும் ஒளிவினையூக்கியின் கவர்ச்சியே, மிச்சம் வைக்காமல் அழிப்பதில்தான்.

ஆனால் சாயப்பட்டறையின் கருத்த கழிவில் இந்தத் தூளை நேரடியாகக் கொட்டுவது வீண். அந்த நீருக்குள் வெளிச்சமே இறங்காது. சாயம் ஏற்றப் போட்ட உப்பு எரியாது. போதாக்குறைக்கு அதிலுள்ள குளோரைடு ஹைட்ராக்சிலை வழிமறித்து விழுங்கும். இது முதல் வரிசை ஆயுதமே இல்லை. மற்ற சுத்திகரிப்பெல்லாம் முடிந்தபின், தெளிந்த நீரில் எஞ்சிய மருந்து, பூச்சிக்கொல்லித் தடயங்களை அழிக்கத்தான் இது பொருத்தம்.

நீல நீர் நிறமிழந்து நிற்கும் படங்களைப் பார்த்து ஏமாறவும் கூடாது. அசோ வகைச் சாயத்தின் நடுப்பிணைப்பு அறுந்தால் நிறம் போய்விடும். நச்சுள்ள அமீன்கள் நிறமில்லாமல் உள்ளேயே இருக்கலாம். மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்று அளந்து சொல்லாத ஆய்வை நான் பாதிதான் நம்புவேன்.

வெயிலில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம்தான் என்பது இன்னொரு தலைவலி. அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இயங்கும் கிராஃபிடிக் கார்பன் நைட்ரைடு இப்போது பலரை ஈர்க்கிறது. யூரியாவைச் சூடாக்கியே அதைத் தயாரிக்கலாம். வேலை முடிந்ததும் தூளை நீரிலிருந்து மீட்பது இந்தப் புற ஊதாப் பற்றாக்குறையைவிடச் சிரமம். கண்ணாடி மணிகளில் பூசினால் மீட்பது எளிது, வேகம் குறையும். காந்த இரும்பு ஆக்சைடோடு சேர்த்துக் காந்தத்தால் இழுப்பது இன்னொரு வழி.

ஸ்பெயினின் அல்மேரியா சூரிய ஆய்வு மையத்தில் வளைந்த கண்ணாடிகள் வெயிலைக் குழாய்களில் குவிக்க, பூச்சிமருந்து கலந்த நீரை அவற்றுக்குள் ஓடவிட்டுப் பல ஆண்டுகளாகச் சோதிக்கிறார்கள். அங்கே பல சோதனைகளில் டைட்டானியத் தூளை முந்தியது, வெயிலோடு சேர்ந்து வேலைசெய்யும் சாதாரண இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும்.