குடும்பத்தோடு நடப்போம், அழகர்மலைச் சோலை வழியே!

மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அழகர்கோவில். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றாகிய திருமாலிருஞ்சோலை இதுவே. அடிவாரத்தில் கள்ளழகர், மலைமேல் பழமுதிர்ச்சோலை முருகன், அதற்கும் மேலே நூபுர கங்கையும் ராக்காயி அம்மனும். இம்மூன்று தலங்களையும் இணைப்பது, மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் ஒரு மலைப்பாதை. இன்று பெரும்பாலான அன்பர்கள் அதனை வாகனத்தில் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்தேன்.

என் தாயார் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவர் பிறந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் நின்றால் அழகர்மலை நீலக் கோடாகத் தெரியும். சிறு வயது முதல் பார்த்த மலை. ஆனால் மேலே நடந்து சென்றதில்லை. நான் வங்கிப் பணியில் சேர்ந்த பிறகு, "ஒரு தரம் என்னை நடத்தியே கூட்டிட்டுப் போப்பா" என்று கேட்டார். "மார்ச் கணக்கு முடியட்டும் அம்மா" என்றேன். அந்த மார்ச் முடிந்தது. பிறகு பதவி உயர்வு, இடமாற்றம், பிள்ளைகளின் படிப்பு. ஒவ்வோர் ஆண்டும் ஒரு மார்ச் வந்தது.

எனக்கு ஓய்வு கிடைத்தபோது அவருடைய முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. காரில் அழைத்துச் சென்றேன். வழியில் ஒன்றுமே சொல்லவில்லை. "கண்ணாடியை இறக்கி விடு, காத்து வரட்டும்" என்று மட்டும் கேட்டார். மறு ஆண்டு அவர் இல்லை.

சென்ற தை மாதத்தில் என் துணைவியார், மகள், மருமகன், பேரன், பேத்தி அனைவரும் சேர்ந்து அந்தப் பாதையில் நடந்தோம். அந்த நடையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

பழந்தமிழ் தந்த அழைப்பு

இந்த மலைக்குக் குடும்பத்தோடு செல்லுங்கள் என்ற அழைப்பு இன்று நேற்று எழுந்ததன்று. பரிபாடலில் பதினைந்தாம் பாடல் இருங்குன்றம் என்று இம்மலையைப் போற்றுகிறது. மனைவியரோடும், பெற்றோரோடும், கைக்குழந்தைகளோடும், அன்புக்குரியவர்களோடும் அத்திசையைத் தொழுதபடி செல்லுமாறு அப்பாடல் மக்களை அழைக்கிறது. முதியோரையும் மழலையரையும் விட்டுவிடாமல் அழைத்துச் செல்லச் சொன்ன அந்தப் புலவரின் உள்ளம் எத்தகையது!

சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் செல்லும் வழிகளைக் கோவலனுக்கு உரைக்கும் மறையவன், இடப்பக்க வழியில் திருமால் குன்றம் இருப்பதையும், அங்கே புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்னும் மூன்று பொய்கைகள் இருப்பதையும் எடுத்துக் கூறுகிறான்.

நம்மாழ்வாரோ திருவாய்மொழியின் இரண்டாம் பத்தில் ஒரு பதிகம் முழுவதையும் இம்மலைக்கே அளித்திருக்கிறார். இளமையின் ஒளி மங்குவதற்கு முன்பே மாலிருஞ்சோலையை அடைந்துவிடுங்கள் என்று தொடங்குகிறது அப்பதிகம். இதனை நான் பலமுறை சேவாகாலத்தில் செவியுற்றிருக்கிறேன். தாயாரை இழந்த பிறகு கேட்டபோதுதான் அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பது விளங்கியது.

கோட்டை வாயிலிலிருந்து

காலை ஆறரை மணிக்கு அடிவாரத்தை அடைந்தோம். அழகர்கோவிலைச் சுற்றிப் பழங்காலக் கோட்டை மதில்கள் உள்ளன. வெளிக்கோட்டையைக் கடந்து செல்கையில், கட்டி முடிக்கப்படாமல் நின்றுபோன இராயகோபுரம் கண்ணில் படும். "ஏன் தாத்தா பாதியிலேயே விட்டுட்டாங்க?" என்று கேட்டான் பேரன். பாதியில் விட்டவற்றைப் பற்றி அவனுக்கு நான் என்ன சொல்வது!

மூலவர் பரமசுவாமி, தாயார் கல்யாண சுந்தரவல்லி. சித்திரையில் வைகைக்கு எழுந்தருளும் கள்ளழகரே உற்சவர். அவரைச் சேவித்தபின், பதினெட்டாம்படிக் கருப்பண்ணசுவாமியின் முன் நின்றோம். இங்கே திருவுருவம் இல்லை. சந்தனம் பூசிய நெடிய கதவுகளே தெய்வமாக வணங்கப்படுகின்றன. பொய் சொல்ல அஞ்சும் சன்னிதி இது. வழக்குகளில் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ள மக்கள் இன்றும் இங்கே வருகிறார்கள். மலையேறுமுன் காவல் தெய்வத்திடம் விடைபெறுவது முறை.

சோலைக்குள்

அங்கிருந்து பாதை மெல்ல மேலேறுகிறது. வளைந்து செல்லும் தார்ச்சாலைதான். செங்குத்தான ஏற்றம் இல்லை. மூட்டுவலி காரணமாக என் துணைவியார் பேத்தியுடன் வாகனத்தில் முன்னே சென்றார். மற்றவர்கள் நடந்தோம்.

முதல் வளைவைக் கடந்ததும் கீழே இருந்த கடைகளின் ஓசை நின்றுவிட்டது. மூங்கில் உரசும் ஒலியும் பறவைகளின் குரலும் கேட்டன. இருபுறமும் மரங்கள் கவிந்திருப்பதால் வெயில் ஏறிய பிறகும் பாதையின் பெரும்பகுதி நிழலாகவே இருந்தது. திருமாலிருஞ்சோலை, பழமுதிர்ச்சோலை என இரண்டு தலங்களுமே சோலையின் பெயரால் அழைக்கப்படுகின்றன. ஆழ்வார்கள் பாடியதும் மலையையும் பொழிலையும் சேர்த்துத்தான். காருக்குள் இருந்தவரை இந்தக் காடு எனக்கு இரண்டு சன்னிதிகளுக்கு இடைப்பட்ட தூரமாக மட்டுமே இருந்தது. நடக்கும்போதுதான் அதுவும் சன்னிதி என்று தெரிந்தது.

ஐப்பசி மாத வளர்பிறை துவாதசியில் தைலக்காப்பு உற்சவத்துக்காகக் கள்ளழகர் மலையேறி நூபுர கங்கைக்கு எழுந்தருளித் திருமஞ்சனம் கண்டருள்கிறார். மதுரைக்கு இறங்கி வரும் அழகரைப் பல இலட்சம் பேர் காண்கிறோம். இந்தக் காட்டு வழியே மேலேறிச் செல்லும் அழகரைக் கண்டவர்கள் சிலரே.

முருகன் சன்னிதியில்

அறுபடை வீடுகளுள் ஆறாவதான பழமுதிர்ச்சோலையில், வள்ளி தெய்வானையுடன் முருகப்பெருமான் காட்சி தருகிறார். ஔவையிடம் 'சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா' என்று மாடு மேய்க்கும் சிறுவனாக வந்து கேட்ட திருவிளையாடல் நிகழ்ந்த இடம் இதுவே என்பர். அதனை நினைவூட்டும் நாவல் மரம் கோவிலருகே நிற்கிறது. பேரனுக்கு அந்தக் கதையை மரத்தடியிலேயே சொன்னேன். மண் ஒட்டிய பழத்தை ஊதினால் அது சுட்ட பழமாகிவிடும் நயம் அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கீழே கிடந்த சருகு ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தான்.

மாலும் மருகனும் ஒரே மலையில் எழுந்தருளியிருப்பதால், சைவரும் வைணவரும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். நெற்றியில் திருநீறும் திருமண்ணும் மாறி மாறி எதிர்ப்படுவதைக் காண்பதே ஓர் இன்பம்.

சிலம்பில் பிறந்த ஆறு

இங்கிருந்து நூபுர கங்கைக்கு என் துணைவியாரும் எங்களோடு நடந்தார். பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு, இடையிடையே அமர்ந்து, மெதுவாகவே வந்தார். "அவசரமா? இன்னைக்கு எந்த ஆபீசும் கிடையாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

உலகளந்த பெருமானின் திருவடியைப் பிரமன் நீராட்டியபோது, சிலம்பிலிருந்து தெறித்த நீரே இத்தீர்த்தம் என்பது தலபுராணம். அதனால் இதற்குச் சிலம்பாறு என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. அழகரின் திருமஞ்சனத்துக்கு இந்த நீரையே பயன்படுத்துகின்றனர். வேறு நீரைப் பயன்படுத்தினால் அபரஞ்சிப் பொன்னாலான திருமேனி கறுத்துவிடும் என்பது மரபு. என் தாயார் பூஜைக்குப் பயன்படுத்திய சிறு பித்தளைச் செம்பைத் துணைவியார் பையில் எடுத்து வந்திருந்தார். என்னிடம் முன்னமே சொல்லவில்லை. அதில் தீர்த்தத்தை நிரப்பி, ராக்காயி அம்மன் சன்னிதியில் ஒரு நிமிடம் நின்றார்.

கல்லில் எழுதிய பெயர்கள்

மலையிறங்கிய பின் நேரமும் தெம்பும் உள்ளவர்கள் காண வேண்டிய பழம்பெரும் இடம் ஒன்று உண்டு. மேலூர் செல்லும் சாலையில் கிடாரிப்பட்டி என்னும் ஊரை ஒட்டிய அழகர்மலைச் சரிவில் ஒரு பெருங்குகை உள்ளது. பஞ்சபாண்டவர் படுக்கை என ஊரார் அழைப்பர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்கள் தங்கித் தவம் செய்வதற்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள் அவை. தமிழி எனப்படும் தமிழ்-பிராமி எழுத்தில் கொடையாளிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பொற்கொல்லர், உப்பு வணிகர், துணி வணிகர், ஏர்க்கொழு வணிகர், வெல்லம் விற்றவர் என்று அவர்களுடைய தொழில்களும் காணப்படுகின்றன. மதுரை அங்கே 'மதிரை' என்று எழுதப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் அச்சணந்தி முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் சிற்பமும் உண்டு.

வாழ்நாளெல்லாம் பேரேடுகளைப் பார்த்தவன் நான். இத்தனை ஆண்டுகள் நிலைத்த வரவுக் கணக்கை வேறெங்கும் கண்டதில்லை. சமயம் வேறாயினும், துறவிகளுக்கு நிழல் கொடுத்த மலை இது என்னும் எண்ணத்தோடு வணங்கி வந்தேன். இங்கே பாறைமேல் ஏற வேண்டியிருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே இருந்துகொள்வது நல்லது.

செல்வோர் கவனத்துக்கு

காலையிலேயே ஏறத் தொடங்குங்கள், இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். குரங்குகள் மிகுதி. பிரசாதப் பையையும் பழங்களையும் கையில் தெரியும்படி வைத்திராதீர்கள். சாலையில் வாகனங்கள் வருவதால் குழந்தைகளை ஓரமாக நடத்திச் செல்லுங்கள். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மருந்தையும் குடிநீரையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். ஏற முடியாதவர்கள் வாகனத்தில் மேலே சென்று, இறங்கும்போது சிறிது தூரம் நடக்கலாம். பிளாஸ்டிக் பைகளையும் குடித்த புட்டிகளையும் காட்டில் எறியாதீர்கள். சன்னிதிக்குள் நாம் குப்பை போடுவதில்லையே! திரும்பும்போது அழகர்கோவில் தோசைப் பிரசாதத்தை மறவாதீர்கள்.

எண்ணினாலே போதும்

அன்று இரவு வீடு திரும்பியதும் திருவாய்மொழிப் பதிகத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். இளமை கழியுமுன் செல்லுங்கள் என்று தொடங்கிய ஆழ்வார், போகப் போக நம்மீது இரக்கம் கொள்கிறார். அம்மலையை அடைய இயலாவிட்டால் அதன் அருகிலுள்ள மலையை அடைந்தாலும் தகும் என்கிறார். பின்னும் இறங்கி வந்து, அதனைத் தொழ வேண்டும் என்று எண்ணுவதே நல்ல துணிவு என்கிறார்.

அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டாள். பல தலைமுறைகளுக்குப் பின் வந்த இராமாநுசர் அதனை நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. ஒருவர் எண்ணியதை இன்னொருவர் முடித்துவைப்பதைப் பெருமாள் ஏற்றுக்கொள்கிறார்.

கொல்லைப்புறத்தில் நின்று அந்த நீலக் கோட்டை ஆயுள் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்த என் தாயாரை ஆழ்வார் விட்டுவிடவில்லை. தள்ளிப்போட்ட கணக்கு எனக்கு மட்டுமே உரியது. அன்பர்களே, உங்கள் வீட்டிலும் எங்கேனும் அழைத்துச் செல்லும்படி கேட்டுக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவர் இருக்கலாம். அந்த முதியவர் நீங்களாகவே இருந்தால், பிள்ளைகளிடம் மறுபடியும் ஒரு முறை கேளுங்கள். அவர்களுக்கும் ஒரு மார்ச் இருக்கும், ஏப்ரலும் இருக்கிறது.