மேய்ச்சல் நிலத்தில் மருந்தும் நஞ்சும்

செஞ்சியின் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளும் கோடையில் வெறுங் கருங்கற் குவியல்களாகவே காட்சியளிக்கின்றன. மழை பெய்து சில நாட்கள் சென்றதும் சுற்றிலுமுள்ள தரிசுகளும் புறம்போக்குகளும் பச்சை போர்த்துக்கொள்கின்றன. வைக்கோல் தீர்ந்து, அரை வயிற்றோடு நின்ற மாடுகளை அவிழ்த்துவிட நம் அங்கத்தினர்கள் ஆவலோடு காத்திருக்கும் காலம் அது. கால்நடைகளுக்கு அபாயம் மிகுந்த காலமும் அதுவே என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதலானோம்.

தன்னைத் தின்ன வரும் பிராணியைக் கண்டு செடியால் ஓட முடியாது. ஆகவே அது தன் இலையிலும் காயிலும் சில இரசாயனப் பொருள்களை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அவற்றுள் சில மருந்தாகின்றன. சில உயிரைக் குடிக்கின்றன. ஒரே பொருள் இரண்டுமாகவும் ஆவதுண்டு. தின்ற அளவு, செடியின் வயது, கால்நடையின் பசி ஆகியவையே அதனை முடிவு செய்கின்றன.

இளஞ்சோளத்தின் கொடுமை

நாம் நன்கறிந்த சோளத்தையே எடுத்துக்கொள்வோம். முற்றிய சோளத்தட்டை சிறந்த தீவனம். ஆனால் இளம் பயிரிலும், வெட்டியபின் துளிர்க்கும் மறுதாம்பிலும், வறட்சியில் வாடிக் குன்றிய பயிரிலும் ‘துர்ரின்’ என்னும் பொருள் மிகுந்திருக்கிறது. டன்ஸ்டன், ஹென்றி என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் 1902-இல் எகிப்து நாட்டுச் சோளத்தை ஆராய்ந்து இதனைக் கண்டறிந்தார்கள். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் இட்டாலும் இது பெருகும்.

இலையில் துர்ரின் ஓரிடத்திலும், அதனைப் பிளக்கும் நொதி வேறோரிடத்திலும் இருக்கின்றன. மாடு மென்றதும் இரண்டும் கலந்து சயனைடு நஞ்சு வெளிப்படுகிறது. அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை இன்னும் விரைவுபடுத்துகின்றன. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடல் அதைப் பயன்படுத்த இயலாமற் போகிறது. மூச்சு வாங்கும்; நுரை தள்ளும்; தள்ளாடி விழும். மிகுதியாகத் தின்ற மாடு ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இறக்கவும் கூடும். சிறிதளவு நஞ்சானால் ஈரல் அதை மாற்றிக் கழித்துவிடும். பசித்த மாடு பரபரவென்று தின்னும்போதோ ஈரலுக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

சங்கக் கடனில் வாங்கிய பசு இறந்தால் பால் அன்றே நின்றுவிடும். கடன் தவணை நிற்பதில்லை. ஆதலால் பூக்கும் பருவம் வரையில் சோளக் கொல்லையில் மாட்டை விடலாகாது. அறுத்த பயிரை நன்கு உலர்த்தினால் நஞ்சின் பெரும்பகுதி அகன்றுவிடும். விபத்து நேர்ந்தால் கைவைத்தியத்தில் காலம் போக்காது மருத்துவரை அழைக்க வேண்டும். சோடியம் நைட்ரைட்டு, சோடியம் தயோசல்பேட்டு ஆகிய மாற்று மருந்துகளை அவர் உரிய நேரத்தில் ஊசி மூலம் செலுத்தினால் மாடு பிழைக்கும்.

உண்ணிச்செடியும் வெயிலும்

அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொணரப்பட்ட உண்ணிச்செடி இன்று குன்றடிகளிலெல்லாம் புதராக மண்டிக் கிடக்கிறது. பழகிய கால்நடைகள் இதனைத் தீண்டுவதில்லை. வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்தவையும் பஞ்சத்தில் வாடியவையுமே தின்கின்றன. இதிலுள்ள ‘லாண்டடீன்’ ஈரலைக் கெடுத்துப் பித்தநீரின் ஓட்டத்தைத் தடுக்கிறது. பச்சிலை ஜீரணமாகும்போது உண்டாகும் நிறப்பொருள் பித்தநீரோடு வெளியேறாமல் இரத்தத்தில் தங்குகிறது. அதன்மேல் வெயில் பட்டதும் தோல் வெந்து, மூக்கு நுனி வெடித்துப் புண்ணாகிறது. கண்ணில் மஞ்சள் படர்கிறது. இத்தகைய மாட்டை உடனே நிழலில் கட்டி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

நன்மை செய்பவை

தறி ஓடாத நாட்களில் நெசவாளர் குடும்பத்தைத் தாங்குவது இரண்டொரு வெள்ளாடுகளே. அவை விரும்பித் தின்னும் வேலங்காயில் துவர்ப்புப் பொருளாகிய ‘டானின்’ உள்ளது. அளவோடு இருந்தால் இது புரதத்தை முதல் இரைப்பையில் வீணாகாமற் காத்துக் குடலுக்கு அனுப்புகிறது. குடற்புழுக்களையும் ஓரளவு அடக்குகிறது. மிகுந்தாலோ ஜீரணம் கெட்டு ஆடு மெலியும்.

சூபாபுல் இலையும் இத்தகையதே. இதிலுள்ள ‘மிமோசின்’ மிகுந்தால் மயிர் உதிரும். கழுத்துச் சுரப்பி வீங்கும். ஹவாய்த் தீவின் ஆடுகள் மட்டும் இதனைத் தின்றும் நலமாயிருப்பதை ஆஸ்திரேலிய அறிஞர் ரேமண்ட் ஜோன்ஸ் கண்டார். நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் அவற்றின் இரைப்பையில் வாழ்ந்ததே காரணம். 1980-களில் அதனைத் தம் நாட்டு மாடுகளுக்கும் புகட்டி வெற்றி கண்டார்கள். 1992-இல் அந்நுண்ணுயிருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். நம் அங்கத்தினர்கள் சூபாபுல் தழையை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல், வேறு தீவனத்தோடு கலந்து அளிப்பதே நலம்.

நம் கடமை

மழைக்குப்பின் முதன்முறை மேய்ச்சலுக்கு ஓட்டுமுன் ஒரு பிடி வைக்கோலாவது போட்டுப் பசி தணித்து அனுப்புங்கள். முதல் சில நாட்கள் சிறிது நேரமே மேய விடுங்கள். புதிதாக வாங்கிய மாட்டைக் கண்பார்வையில் வைத்திருங்கள். 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைத் தொழுவத்துச் சுவரிலேயே எழுதி வையுங்கள். கடனில் வாங்கிய மாட்டைக் காப்பீடு செய்து, காதுவில்லை விழாமற் பார்த்துக்கொள்ளுங்கள். மாடு இறக்க நேர்ந்தால் மருத்துவரின் சான்றிதழ் பெறுமுன் புதைத்துவிட வேண்டாம். காதுவில்லையும் சான்றிதழும் இல்லாமற் காப்பீட்டுத் தொகை பெறுதல் அரிது.

எந்தப் பூண்டு எங்கே முளைக்கிறது என்பதை ஊரில் ஆடு மேய்க்கும் முதியோர் நன்கறிவார்கள். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திற்கு அவர்களையும் கால்நடை மருத்துவரையும் ஒருங்கே அழைப்பீர்களாயின், அங்கத்தினர்களின் பல பசுக்களைக் காத்தவர்களாவீர்கள்.