ஒளியைத் துரத்தியவர்கள் – 11: வானம் பதியாத காலம்

மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களின் மிகப் பழைய புகைப்படங்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். கல்லில் உளி பட்ட தடம்கூடத் தெரியும். கோபுரத்துக்கு மேலே மட்டும் ஒன்றுமே இருக்காது, வெறும் வெளிறிய தாள். அன்றைக்கு வானத்தில் மேகமே இல்லையா என்றால், இருந்திருக்கும். கேமராவுக்குத்தான் அது தெரியவில்லை.

1850களில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் அவர் எடுத்த சில படங்களில் அழகான மேகங்கள் மிதக்கின்றன. அவை நெகட்டிவின் மேல் அவரே சாயம் தொட்டு வரைந்த மேகங்கள். வெறும் வானம் அவரையும் உறுத்தியிருக்க வேண்டும்.

காரணம் வேதியியல். அக்காலத்து வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கும் புற ஊதா ஒளிக்கும் மட்டுமே நன்றாக மசியும். பச்சை மெதுவாகப் பதியும், சிவப்பு ஏறக்குறைய பதியவே பதியாது. கரையிலுள்ள பாறையும் மரமும் பதியும்வரை லென்ஸைத் திறந்து வைத்தால், அதற்குள் நீலவானம் தேவைக்குப் பல மடங்கு ஒளியைக் கொட்டிவிடும். வானமும் வெண்மேகமும் ஒரே அளவுக்குப் பதிந்து, அச்சில் இரண்டும் வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளையிலும் திட்டுத்திட்டாகக் கறை விழும் என்பதால், பலர் நெகட்டிவில் வானப் பகுதி முழுவதையும் கறுப்பு மையால் அடைத்து மூடினார்கள். புயல் மேகத்தைப் படமெடுப்பது பற்றி யாரும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத நிலை.

இந்தச் சுவரை உடைத்த பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே. 1820இல் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். நெகட்டிவ் தாளில் முன்கூட்டியே மெழுகேற்றிப் பயன்படுத்தும் முறையை 1851இல் வெளியிட்டவரும் இவரே. டிரைப் நம் ஊர்க் கோயில்களை எடுத்ததும் பெரும்பாலும் மெழுகுத்தாளில்தான்.

1856இல் லெ கிரே கடலுக்குப் போனார். கையில் ஈரத்தகடு. கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் தகடு வீண். தகடோ ஒரு முழ அகலம். அதனால் இருட்டறைக்கு ஒரு கூடாரத்தையும் உப்புக்காற்றில் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் செய்து, அந்த ஆண்டு அவர் எடுத்த இரட்டைப் பாய்மரக் கப்பல் படம் லண்டனில் காட்சிக்கு வந்தபோது கூட்டம் மொய்த்தது. கடல் நடுவே சின்னக் கப்பல், மேலே மேகங்களைக் கிழித்து இறங்கும் ஒளி. நிலவொளியில் எடுத்தது என்றே பலர் நம்பினார்கள். உண்மையில் அது பகல். ஒளி மேகத்துக்குப் பின்னாலிருந்து வந்தது, தண்ணீரும் அதை வாங்கிக் கண்கூசத் திருப்பி அடித்தது. கடலும் வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் நின்ற அந்த நேரத்தில், மிகக் குறுகிய திறப்பில் இரண்டையும் ஒரே தகட்டில் பிடித்துவிட்டார். வேதியியல் மாறவில்லை. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதைத்தான் அவர் மாற்றினார்.

அடுத்த ஆண்டு பிரான்ஸின் செத் துறைமுகத்தில் எடுத்த ‘பேரலை’ வேறு வகை. அதற்கு இரண்டு நெகட்டிவ்கள். அலைக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று. ஒரு பாதியை மறைத்துக் கடலை அச்சிட்டு, பிறகு கடலை மறைத்து வானத்தை அச்சிட்டார். இரண்டும் சேரும் இடம் அடிவானக் கோடு. 1999இல் லண்டனில் இந்தப் படத்தின் ஒரு பிரதி ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. அன்றுவரை எந்தப் புகைப்படமும் அந்த விலையைத் தொட்டதில்லை.

‘பேரலை’ மகத்தான படம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் கப்பலைத்தான் எடுப்பேன். லெ கிரே ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்களுக்கு மேலே பயன்படுத்தியிருக்கிறார். ஒரே காட்சியின் இருட்டையும் வெளிச்சத்தையும் தனித்தனியாக எடுத்துச் சேர்ப்பது, கண் பார்த்ததைத் தாளுக்குக் கொண்டுவரும் வழி. வேறொரு நாளின் வானத்தைக் கொண்டுவந்து பொருத்துவதை என்னால் அதோடு சேர்க்க முடியவில்லை. அந்த அலையை எழுப்பிய காற்று அந்த மேகத்தில் இல்லை.

பிறகு வேதியியலும் வழிவிட்டது. 1873இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல் சாயம் கலந்து தகட்டுக்குப் பச்சையையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவப்பும் வந்தது. லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியைப் பிடித்தால் நீலம் கறுக்கும், வெண்மேகம் எழும்பி நிற்கும். 1927இல் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் சிவப்புக் கண்ணாடியால் பகல் வானத்தை ஏறக்குறைய கறுப்பாகவே ஆக்கிக்காட்டினார்.

இன்றைக்கு உங்கள் செல்போனில் ஒரு முறை தட்டினால் அது அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, வானத்துக்கும் தரைக்கும் பொருத்தமானதைத் தானே சேர்த்துவிடுகிறது. லெ கிரே இருட்டறையில் செய்ததை அது கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது. இதில் தப்பில்லை. ஆனால் இன்னொரு பொத்தானும் வந்துவிட்டது, வானத்தையே மாற்றுவது. வங்கக்கடலில் புயல் உருவாகும்போதெல்லாம் எந்த ஊரிலோ என்றோ எடுத்த கருமேகம் ‘இப்போது மெரினாவில்’ என்று வலம் வருகிறது. புயல் நாளில் வானம்தான் செய்தி. படகைக் கரையேற்றுவதா, குழந்தைகளை மேட்டுக்கு அனுப்புவதா என்று அதைப் பார்த்து முடிவெடுக்கும் குடும்பங்கள் இந்தக் கரை நெடுக இருக்கின்றன. புயல் படத்தில் பொய்யான வானத்தை ஒட்டுவதை நான் கலையாக எண்ண மாட்டேன்.

வடகிழக்குப் பருவமழையில் நம் கிழக்குக் கரை, கேமரா வைத்திருப்பவருக்குப் பெரிய கொடை. விடியலில் சூரியன் கடலுக்குப் பின்னாலிருந்து வருவதால் மேகத்தின் ஓரம் எரியும், முகம் கறுக்கும். அப்போது திரையில் மேகத்தின் வெளிச்சமான இடத்தைத் தொட்டு வெளிச்சத்தை அளவெடுங்கள். கரையும் படகும் கறுத்துப்போகும், போகட்டும். கப்பல் படத்தின் வழி அதுதான். மாலையில் எல்லாம் தலைகீழ். மேற்கில் கொஞ்சம் வெளுத்தாலும் போதும், தாழ்ந்த வெயில் கடல்மேல் நிற்கும் மழைமேகத்தின் முகத்தில் நேராக விழும். வானவில் வருவதும் கிழக்கே, கடல் பக்கம்தான்.

மின்னலை எடுக்க இரவும், ஆடாத முக்காலியும், பத்து முதல் இருபது விநாடி திறப்பும் போதும். மின்னல் தானே வந்து பதியும். ஆனால் திறந்த கடற்கரையில் நின்று எடுக்காதீர்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரம் பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் முக்காலியை அங்கேயே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

ஓவியர்கள் காலங்காலமாகக் கூர்க்கூராக உடைத்து வரைந்த மின்னல் உண்மையில் அப்படி இல்லை, ஆற்றைப் போல் வளைந்து கிளைவிடுகிறது என்பதை 1880களில் தன் தகடுகளால் காட்டிய பிலடெல்ஃபியாக்காரர் வில்லியம் ஜென்னிங்ஸ். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)