கதவுக்குப் பின்னால் மூன்று கலர் புள்ளிகள்

வாங்க, வாங்க, சத்தம் போடாமல் உள்ளே வாங்க! சோழவரத்தில் அக்கா வீட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினால்தான் அந்த ரகசியம் தெரியும். மளிகைக் கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று கதவின் பின்பக்கம் தொங்குகிறது. அதில் பால் பாக்கெட் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, சீட்டு கட்டிய டிக். இவற்றுக்கு நடுவே, தேதிகளின் ஓரத்தில், பொடிப்பொடியாகப் புள்ளிகள். பச்சை, அக்கா மகளுடையது, வயது 14. சிவப்பு என்னுடையது, 36. நீலம் அக்காவுடையது, 47. மாமா இத்தனை வருஷமாக அதையும் பால் கணக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்!

போன ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளரோடு உட்கார்ந்து, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினோம். பச்சை: 41, 27, 36. சிவப்பு: 28, 29, 28. நீலம்: 23, 24, 49.

"சித்தி, உனக்கு மட்டும் எப்படி ரயில் மாதிரி டயத்துக்கு வருது?" என்றாள் சின்னவள், பொறாமையோடு.

காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது என் சாமர்த்தியம் இல்லை, என் வயசு. அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்டவர்களின் மாதவிடாய்க் கணக்கை ஆப்பிள் நிறுவனத்துடன் சேர்ந்து ஆராய்ந்த ஹார்வர்டு குழு 2023-ல் வெளியிட்ட முடிவு இது: 35 முதல் 39 வயது வரைதான் சுழற்சி மிகச் சீராக இருக்கிறது. 20 வயதுக்குள் சராசரி 30.3 நாள். நாற்பதுகளின் தொடக்கத்தில் 28.2. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மறுபடி 30.8, நாள் கணக்கு முன்னும் பின்னும் தாவுவதும் அப்போதுதான் உச்சம்.

அப்படியானால் எல்லோரும் சொல்கிற அந்த 28? 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை எண்ணிப் பார்த்தது. சரியாக 28 நாளில் முடிந்தவை நூற்றுக்குப் பதின்மூன்றுதான்! பெயரிலேயே 'மாதம்' இருக்கிறது என்பதற்காக உடம்பு காலண்டரைப் பார்த்தா நடந்துகொள்ளும்?

சரி, இந்தத் தேதியை உள்ளே யார் முடிவு செய்கிறார்கள்? அதைப் பார்க்க ஏரிக்கரை வரை நடந்தால் போதும். பூண்டியில் திறக்கிற தண்ணீர் சோழவரம் ஏரிக்கு வருகிறது, இங்கிருந்து புழலுக்குப் போகிறது. உடம்புக்குள்ளும் அதே வரிசைதான். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ்தான் பூண்டி. அதன் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, நம்ம சோழவரம். சினைப்பைகள், புழல். மேலே திறந்தால்தான் கீழே வரத்து. ஆனால் எந்த ஏரியும் செய்யாத ஒரு வேலையைச் சினைப்பை செய்கிறது. "போதும், ஷட்டரை இறக்கு" என்று ஈஸ்ட்ரோஜன் வழியாக மேலே சேதி அனுப்புகிறது! பரீட்சை பயம், திடீரென எடை குறைவது, ஓயாத மன உளைச்சல் இவையெல்லாம் பூண்டியிலேயே கை வைத்துவிடும். அப்போது தள்ளிப்போவது பெரும்பாலும் கருமுட்டை வெளிவருவதற்கு முந்தைய பாதிதான். வெளிவந்த பிறகான பாதி, ஏறக்குறைய இரண்டு வாரம், அவ்வளவாக அசைந்து கொடுக்காது.

இப்போது பச்சைப் புள்ளிக்கு வருவோம். சின்னவள் பெரியவளாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவள் கால்வாய்க்கு இது வெள்ளோட்டம். ஆரம்ப வருஷங்களில் பல மாதங்களில் கருமுட்டையே வெளிவராது. அதனால் 21 முதல் 45 நாள் வரை எப்போது வந்தாலும் அந்த வயதில் இயல்பு. மூன்றாவது வருஷ வாக்கில் பெரும்பாலோருக்குத் தானாக ஒழுங்குபடும். இங்கே ஒரு வேடிக்கை. அரசின் 'புது யுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட் நாப்கின் கிடைக்கிறது. பாக்கெட் கணக்குப்படி வந்துவிடுகிறது. இவள் டேட்தான் வருவதில்லை!

நீலப் புள்ளிக்காரிக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் பிடிக்கிறவள். இப்போதெல்லாம் டிபன் பையில், ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு பேட் நிரந்தரக் குடித்தனம். "எப்ப வரும்னு எனக்கே தெரியலடி" என்கிறாள். காரணம் கையிருப்பு. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. வயசுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம்தான் மிச்சம். மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் ஏறக்குறைய ஆயிரம். இருப்பு குறையக் குறைய பிட்யூட்டரி குரலை உயர்த்துகிறது. அந்த அதட்டலில் முட்டை அவசரமாக முதிர, 23 நாளிலேயே டேட் வந்து நிற்கிறது. பிறகு சில மாதம் எவ்வளவு அதட்டியும் பதிலே இல்லை. அதுதான் அந்த 49. இடைவெளி 60 நாளைத் தொட்டால், முழுதாக நிற்கப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வருஷம். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் அது மெனோபாஸ். அதுவரை கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு. இதைக் கேட்டதும் அக்கா காபியைத் துப்பாத குறை!

சிரித்து முடித்தாயிற்று. இனி விளையாட்டில்லாமல் நாலு விஷயம். 15 வயதாகியும் வயசுக்கு வராவிட்டால், மூன்று மாதம் தொடர்ந்து தள்ளிப்போனால், எட்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ, மெனோபாஸ் முடிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், டாக்டரிடம் போய்விடுங்கள். "வயசுக் கோளாறு, சரியாயிடும்" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அங்கே போனதும் டாக்டர் கேட்கப்போகிற முதல் கேள்வி, "கடைசியா எப்போ வந்தது?" நம்மில் பாதிப் பேர் விட்டத்தைப் பார்ப்பது அந்த இடத்தில்தான். அடுத்த வீட்டுக்காரியின் 28-ஐ விட்டுவிட்டு, உங்கள் எண் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். செலவு ஒரு பேனா. காலண்டரைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாலும் சரி, முன்னால் மாட்டினாலும் சரி, இந்த மாதமே ஒரு புள்ளி வையுங்கள்.