கடற்கரைச் சுற்றுலாவுக்கு நோயாளியையும் அழைத்துச் செல்லலாமா?

விடுமுறை நெருங்கும் நாள்களில் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. குடும்பத்தார் அனைவரும் கடற்கரைக்குப் புறப்படுகிறார்கள். அப்பாவுக்கு இதய நோய், அல்லது அம்மாவுக்கு நீரிழிவு. அவர்களை அழைத்துச் செல்லலாமா? பெரும்பாலும் நோயாளியே முந்திக்கொண்டு, "நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிடுகிறார். அவருக்குத் துணையாக ஒருவர் வீட்டில் தங்க நேர்கிறது. அப்படித் தங்குபவர் ஆண்டு முழுவதும் அவரைக் கவனித்துக்கொள்பவராகவே இருப்பார். ஓய்வு மிகவும் தேவைப்படுபவரும் அவரே.

நோய் கட்டுக்குள் இருப்பவர்களுள் பலர் தாராளமாகப் போகலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் இடத்தையும் நாளையும் முடிவுசெய்த பின்பு மருத்துவரிடம் வருவதைவிட, அதற்கு முன்பே வந்து கேட்பது நல்லது.

எடுத்துக்காட்டாகச் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தைக் கொள்வோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கடலோரம் பரந்துள்ள இந்த அலையாத்திக் காடு 2022ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 'இதயக்கனி' படத்தில் இக்காட்டைப் பார்த்த மூத்தவர்கள் நேரில் காண ஆசைப்படுவது இயல்பே. கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி ஆகியவற்றையும், சேற்றில் தாவித் திரியும் சிறு மீன்களையும், நண்டுகளையும் படகில் அமர்ந்தபடியே காணலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். வலசை வரும் பறவைகள் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே நோயாளிகளுக்கு ஏற்றவை. காலை பத்து மணிக்குள் படகுச் சவாரியை முடித்துக்கொள்வது உத்தமம். சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது இவ்விடத்தைத் தேர்ந்தெடுக்க மற்றொரு காரணம்.

இனி, யார் எந்தப் படகில் ஏறுவது? கயாக் எனப்படும் சிறு படகில் கால்களை நீட்டி அமர்ந்து, தாமே துடுப்புப் போட வேண்டும். தோளும் மார்பும் முதுகும் ஓயாமல் உழைக்கும். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் மார்பெலும்பு நன்கு கூடுவதற்குச் சுமார் 3 மாதங்கள் ஆகும். அதுவரை துடுப்பைத் தொடவே கூடாது. அண்மையில் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்களும், வலிப்பு நோய் முழுமையாகக் கட்டுப்படாதவர்களும் கயாக்கைத் தவிர்க்க வேண்டும். இவர்கள் மருத்துவரின் அனுமதி பெற்று, படகோட்டி செலுத்தும் துடுப்புப் படகில், உயிர்காப்பு உடையுடனும் பக்கத்தில் ஒரு துணையுடனும் செல்லலாம். இளையவர்கள் கயாக்கில் உடன் வரட்டும். காட்சி இரண்டு படகுகளுக்கும் ஒன்றுதான். உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்பவர்களுக்கு வெயிலில் நெடுநேரம் அமர்ந்து சட்டென்று எழும்போது தலைசுற்றல் வரலாம். படகிலிருந்து இறங்கும்போது கை கொடுக்க ஒருவர் நிற்க வேண்டும்.

குறுகிய கால்வாய்களில் கிளைகள் கைக்கெட்டும் உயரத்தில் தாழ்ந்திருக்கும். அவற்றைப் பற்றி இழுக்க வேண்டாம் என்று குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரம் இக்காட்டில் வளர்கிறது. அதன் பால் தோலில் பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். பட்டுவிட்டால் கசக்காமல், உடனே தூய நீரால் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. துடுப்புப் போடுவது கடும் உடற்பயிற்சி. இன்சுலின் போட்டுக்கொண்டு, உணவைத் தள்ளிப்போட்டுப் படகேறினால் நடு நீரில் சர்க்கரை தாழ்ந்துவிடும். குளுக்கோஸும் பிஸ்கட்டும் நனையாத பையில் கையோடு இருக்க வேண்டும். பின்னால் வரும் படகில் இருந்து பயனில்லை. இன்சுலினைப் பூட்டிய காரில் விட்டுச் செல்லாதீர்கள். பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டியும் வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

இவை எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கவலை தருவது பாதம். உணர்வு குறைந்த பாதத்துக்குச் சுடுமணலின் சூடு தெரியாது. சிப்பி கிழித்ததும் தெரியாது. நோயாளி வலி இல்லை என்பார். அதை நம்பி விட்டுவிடும் புண்ணே பின்னர் பெரிதாகிறது. ஆகவே மணலிலும் நீரிலும் குதிகால் மூடிய செருப்பை அணியச் செய்யுங்கள். இரவில் தங்குமிடம் திரும்பியதும் விரல் இடுக்குகள் உட்பட இரு பாதங்களையும் விளக்கொளியில் பாருங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஒரு முறையைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு டயாலிசிஸ் நாள்களுக்கு இடைப்பட்ட நாளில் போய்த் திரும்பும் அளவுக்கே பயணம் அமையட்டும். தாகத்துக்கு இளநீர் வாங்கிக் கொடுப்பது அன்பின் அடையாளம்தான். ஆயினும் அதிலுள்ள பொட்டாசியம் இவர்களுடைய இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் வெயில் என்பதற்காகத் தாமாகவே தண்ணீரின் அளவைக் கூட்ட வேண்டாம். பயண நாள்களுக்குரிய அளவை எங்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் விற்கும் வறுத்த மீனிலும் உப்பு மிகுதி.

ஆறாத புண் உள்ளவர்களும் அறுவை சிகிச்சைத் தையல் பிரிக்காதவர்களும் கடல் நீரில் இறங்கக் கூடாது. கல்லீரல் நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியம். வேகாத நண்டும் சிப்பியும் அவர்களுக்கு ஆபத்து. டாக்சிசைக்ளின், அமியோடரோன் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களின் தோல் வெயிலில் எளிதில் சிவந்து எரியும் என்பதால் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும்.

பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு எங்களிடம் வாருங்கள். மருந்துச் சீட்டின் நகலையும், கூடுதலாக 3 நாள்களுக்கான மருந்தையும் வாங்கிக்கொண்டு, அவற்றை இரண்டு பைகளில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மற்றொன்று கையிலிருக்கும்.